அப்பாவின் மஞ்சள் வேட்டி

ரவிக்கைக் கையையோ சட்டைக் கையையோ கொஞ்சம் மேலே தள்ளிப் பாருங்கள். என் வயதுக்காரர்கள் என்றால் தோளுக்குக் கீழே ஒரு வட்டத் தழும்பு இருக்கும். பெரியம்மைக்குக் குத்தியது. போன வாரம் வீட்டு வேலைக்கு வரும் பெண் அதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, சின்ன வயசுல சூடு வெச்சாங்களா?" என்று கேட்டாள். அவள் மேல் தப்பில்லை. அந்த நோயே இப்போது உலகத்தில் இல்லை. தழும்பு மட்டும் நம்மிடம் இருக்கிறது, நாமும் போய்விட்டால் அதுவும் இருக்காது. அதனால்தான் இதை உங்களிடம் சொல்கிறேன். இளசுகளிடம் சொன்னால், ஒரு ஊசி போட்டதில் என்ன பெரிய கதை என்பார்கள்.

நாங்கள் அப்போது ஸ்ரீரங்கத்தில் இருந்தோம். மதில்களுக்கு உள்ளே இல்லை. வெளியே, கொள்ளிடப் பாலத்துக்குப் போகிற பக்கம், ஒரு ஸ்டோர். வரிசையாக ஓட்டு வீடுகள், எல்லோருக்கும் சேர்த்து ஒரு கிணறு. தெருவைப் பார்த்த முன்னறையில் அப்பாவின் தையல் கடை. கடையின் மரக் கதவில் ஒரு கரும்பலகை தொங்கும். தினமும் காலையில் மெஷினுக்கு எண்ணெய் விடுவதற்கு முன்னால் அப்பா அதில் கடவுளுக்கு ஒரு கேள்வி எழுதுவார். ஊரெல்லாம் வாசலில் கோலம் போடும் நேரத்தில் எங்கள் வாசலில் இது.

"ஏழு மதிலுக்குள் படுத்திருப்பவருக்கு வெளியே நடப்பது எப்படித் தெரியும்?" என்று ஒருநாள் எழுதினார். உள் வீதியிலிருந்து ஜிப்பா தைக்கக் கொடுத்திருந்த ஒரு பெரியவர் அதைப் படித்துவிட்டு, துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார். அப்பா அசரவில்லை. மறுநாள், "கேள்விக்குப் பதில் துணி இல்லை" என்று எழுதினார். அவர் அப்படித்தான். பெரிய கடைவீதியிலிருந்து நூலும் பொத்தானும் கொண்டுவரும் பாயையும் விட்டுவைக்க மாட்டார். "எங்க ஆளுங்க கல்லுக்குப் பால் ஊத்தறாங்க. உங்க ஆளுங்க கண்ணுக்கே தெரியாதவருக்கு அஞ்சு வேளை சலாம் வைக்கறீங்க. பசிச்சவனுக்கு ரெண்டு பேருமே ஒண்ணும் வைக்கலையே பாய்" என்பார். பாய் தாடியைத் தடவிக்கொண்டு சிரிப்பார். "தையக்காரரே, அல்லா உங்களுக்கு நாக்கை மட்டும் ரெண்டு முழம் கூடுதலா வெட்டிட்டான்."

அப்பாவின் முகம் முழுக்க அம்மைக் குழிகள். சவரம் செய்துகொண்டு வந்தாலும் குழிகளுக்குள் முடி தங்கிவிடும், கன்னத்தைத் தொட்டால் விரலில் குத்தும். அவருக்கு அம்மை கண்ட அதே வாரத்தில் அவருடைய தங்கை இறந்துபோனாளாம். வைத்தியம் எதுவும் பார்க்காமல் வேப்பிலையால் வீசிக்கொண்டே இருந்தார்களாம். இதை அம்மாதான் எனக்குச் சொன்னாள். அப்பா அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. எல்லாவற்றையும் பலகையில் எழுதும் மனிதர் அதை எழுதவேயில்லை. தெரு வேறு விதமாகச் சொன்னது. "அம்மன் மூஞ்சியிலேயே எழுதி அனுப்பியும் புத்தி வரலையே" என்று கிணற்றடியில் பேசிக்கொள்வார்கள், நான் வாளியோடு பக்கத்தில் நிற்பதைப் பார்த்துக்கொண்டே.

ஸ்கூலில் எனக்குப் பெயரே கிடையாது. நாஸ்திகன் பொண்ணு, அவ்வளவுதான். பாண்டி ஆட்டத்துக்கு ஆள் குறைந்தால்கூட என்னை உப்புக்குச் சப்பாணியாக நிறுத்துவார்களே தவிர, காய் எறியத் தர மாட்டார்கள். பிரசாதப் பொங்கல் வாழை இலைத் துண்டில் கைமாறி வரும்போது எனக்கு முந்தைய பெண்ணோடு நின்றுவிடும். "அவ வீட்டுல சாப்பிட மாட்டாங்க" என்று அவர்களாகவே முடிவு செய்துகொள்வார்கள். எனக்கு அந்த நெய் வாசனையில் வாயில் நீர் ஊறும். அப்பா ஒருபோதும் சாப்பிடாதே என்று சொன்னதில்லை. அம்மாவுக்குச் சாமி நம்பிக்கை உண்டு, அடுப்படி மாடத்தில் ஒரு சின்னப் படத்தை வைத்திருந்தாள். "என் வாய்க்குப் பூட்டு கிடையாது. உன் கைக்கும் நான் பூட்டு போட மாட்டேன்" என்று அப்பா அவளிடம் சொல்லியிருந்தார். இதெல்லாம் வெளியில் யாருக்குத் தெரியும்? அவர்களுக்குப் பலகை மட்டும்தான் தெரியும்.

எனக்கு இருந்த ஒரே சிநேகிதி அடுத்த வீட்டுக்காரி. என் வயதுதான், என்னைவிட ஒரு சாண் உயரம். அவளுடைய அம்மா என் அப்பாவை 'அண்ணே' என்று கூப்பிட்டதால் எனக்கு அத்தை. அத்தையின் வீட்டுக்காரர் காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டியில் இருந்தார், இருட்டோடு போய் வெயில் தாழ வருவார். ரொம்ப நாள் பிள்ளையில்லாமல் இருந்து, சமயபுரத்துக்கு நேர்ந்துகொண்டு பிறந்தவள் என் சிநேகிதி. அதற்கப்புறம் பல வருஷம் கழித்து ஒரு தம்பிப் பாப்பா, அப்போது கைக்குழந்தை. நானும் அவளும் கடையில் மெஷினுக்கு அடியில் உட்கார்ந்து பொத்தான் டப்பாவைக் கொட்டி விளையாடுவோம். பிஸ்கட் டப்பா அது, மூடியில் ஒரு குதிரை வண்டி வரைந்திருக்கும். அந்த டப்பா எங்கே போனது என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். தேய்ந்த தையல் சாக்கட்டித் துண்டுகளை அப்பா எங்களுக்கு எறிவார். நாங்கள் தரையில் வீடு வரைவோம். அவள் வரையும் வீட்டில் பூஜை அறை இருக்கும், என் வீட்டில் இருக்காது. ஆனால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கதவு வைப்பாள்.

மாசி பிறந்தால் மஞ்சள் துணி வர ஆரம்பித்துவிடும். மாசிக் கடைசியிலிருந்து சமயபுரத்து அம்மன், ஊர்ப் பிள்ளைகளுக்காகத் தானே பட்டினி விரதம் இருப்பதாக ஐதீகம். உங்களுக்குத் தெரியாததா? சமைத்த நைவேத்தியம் கிடையாது, இளநீரும் பானகமும் துள்ளுமாவும்தான். ஜனங்களும் கையில் காப்புக் கட்டி விரதம் இருந்து, மஞ்சள் உடுத்தி, எங்கள் கடை வாசல் வழியாகத்தான் கொள்ளிடம் தாண்டி நடப்பார்கள். அந்த மஞ்சளில் பாதி எங்கள் அப்பா தைத்தது.

அந்த வருஷம் அத்தை, மகளுக்கு முதல் மஞ்சள் பாவாடை தைக்கத் துணி கொண்டுவந்தாள்.

"அண்ணே, உங்க வாயைக் கேக்காம துணி மட்டும் குடுத்துட்டுப் போக முடியுமா?"

"துணி என்ன பாவம் பண்ணுச்சு தங்கச்சி? கொண்டா. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பிள்ளைங்களுக்காகப் பட்டினி கிடக்கற தாய், அம்மையை ஏன் அனுப்பறா?"

"அனுப்பறதும் அவதான், எடுத்துக்கறதும் அவதான்."

"அப்ப அவளுக்கு வேற வேலையே இல்லையா?"

"போங்கண்ணே!" என்று அத்தை முந்தானையால் அவரை விசிறிவிட்டுச் சிரித்தாள். அப்பாவும் சிரித்தபடியே அவளுடைய மகளுக்கு இடுப்பளவு எடுத்தார். வளர்கிற பிள்ளை என்று கீழே மூன்று விரல் மடிப்பு விட்டுத் தைத்தார். அது வரைக்கும் எல்லாம் இப்படித்தான் இருந்தது.

அந்த வருஷம் அம்மை கடுமையாக வந்தது. ஆற்றோரக் குடிசைகளில் தொடங்கி, தெருத் தெருவாக வாசலில் வேப்பிலை ஏறியது. நோய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆத்தா வந்திருக்கா, முத்துப் போட்டிருக்கா என்பார்கள். அம்மை குத்துகிறவர் ஒரு தோல் பையும் ஸ்பிரிட் விளக்குமாக வந்தால், தெருமுனையில் அவர் தலை தெரிந்ததும் கதவுகள் சாத்திக்கொள்ளும். பிள்ளைகளைக் குதிருக்குள் ஒளித்து வைத்த வீடெல்லாம் உண்டு. அவர் அப்பாவிடம் வந்து, "உங்க கடையிலயே ஒரு நாள் உக்காந்துக்கறேங்க. வியாழக்கிழமை காலையில வரேன்" என்றார். அப்பா சரி என்றார்.

இங்கேதான் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் பலகையில் எழுதியவள் இல்லை. கிணற்றடியில் குடம் நிரம்பும் நேரத்தில், கொஞ்சம் கொஞ்சமாக, அத்தையிடம் பேசிக்கொண்டே இருந்தாள். சாமி இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஊசியையும் அவதானே அனுப்பியிருக்கா? இல்லாட்டி அது எப்படி நம்ம தெரு வரைக்கும் வரும்?"

"காப்புக் கட்டின உடம்புல இரும்பு படக் கூடாதே அண்ணி."

"காப்பு வியாழக்கிழமை சாயங்காலம்தானே கட்டறாங்க. காலையிலேயே குத்திக்கிட்டா? கையைக் கழுவிட்டுச் சாமி கும்பிடற மாதிரிதான்."

நான் பக்கத்திலேயே இருந்தேன். அத்தை கயிற்றை இழுத்து வாளியை மேடையில் வைத்தாள். அப்புறம் சொன்னாள், "சரி அண்ணி. ரெண்டு பிள்ளைங்களையும் கூட்டிட்டு வரேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க."

அம்மா வீட்டுக்கு வந்து அப்பாவிடம், "வியாழக்கிழமை வரைக்கும் அந்தப் பலகையில ஒண்ணும் எழுதாதீங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்" என்றாள். அப்பா தலையாட்டினார்.

புதன்கிழமை சாயங்காலம் ஆற்றோரத்துப் பிள்ளை ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மேளம் இல்லை, கூட்டம் இல்லை. ஒரு ஆள் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு கடையைத் தாண்டிப் போனான், அவ்வளவுதான். அப்பா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். அந்த ஆள் பார்வையிலிருந்து மறையும் வரை நின்றார். பிறகு பலகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எழுதினார். சாக்கட்டி உடைந்தது. இன்னொன்றை எடுத்து எழுதினார். அம்மா கோதுமை வாங்க ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அவள் திரும்பியபோது இருட்டிவிட்டது, பலகையைப் பார்க்கவில்லை.

விடிந்ததும் தெரு முழுக்க எங்கள் வாசலில். பலகையில் கொட்டை எழுத்தில் இருந்தது:

"பெற்ற தாய் பிள்ளைக்கு முத்துமாலை போடுவாள். கண்ணைப் பிடுங்க மாட்டாள். இது தாய் இல்லை, நோய். ஊசி போட்டுக்கொள்."

ஒரு எழுத்தும் பொய் இல்லை. இன்றைக்கும் சொல்கிறேன், அதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை.

கரகத்து மாமா வந்தார். சமயபுரம் போகும் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர், வருஷா வருஷம் தலையில் கரகம் எடுத்துக்கொண்டு முன்னால் நடப்பவர். அவர் ஒரு சத்தமும் போடவில்லை. பலகையை ஒருமுறை படித்தார். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "இந்த வாசல்ல ஊசி குத்திக்கறவங்க சாயங்காலம் காப்புக்கு வர வேணாம். அம்மன் வேணுமா, ஊசி வேணுமா, அவங்கவங்க முடிவு பண்ணிக்கலாம்" என்றார்.

"நானும் அதைத்தான் சொல்றேன். முடிவு பண்ணுங்க" என்றார் அப்பா.

அம்மா கதவுக்குப் பின்னால் தலையில் அடித்துக்கொண்டாள். அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது. எனக்குப் புரிய ஒரு ஆயுசு ஆயிற்று. இரண்டு ஆண்களும் அன்றைக்கு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். இரண்டும் வேண்டும் என்று சொல்ல ஒரு சின்ன இடத்தை அம்மா நாள்கணக்கில் கட்டி வைத்திருந்தாள். அதை இருவருமாகச் சேர்ந்து இடித்துவிட்டார்கள்.

அம்மை குத்துகிறவர் வந்து கடையில் உட்கார்ந்தார். ஸ்பிரிட் விளக்கின் நீல நெருப்பும் அந்த வாசனையும் எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. யாரும் வரவில்லை. "பயப்படாம இருக்கிறதை நாலு பேர் பாக்கட்டும்" என்று அப்பா என்னை உட்கார வைத்தார். பல் வைத்த சின்னச் சக்கரம் ஒன்றைத் தோலில் வைத்துத் திருகினார்கள். அப்பா என் கையைப் பிடித்திருந்தார். விரலில் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன இடம் என் தோளில் அழுந்திக்கொண்டிருந்தது. நான் அழவில்லை. பார்க்கத்தான் நாலு பேர் இல்லை. வெயில் ஏறினதும் ஒரு குதிரை வண்டி வந்து நின்றது. பாய் தன் பிள்ளைகளை எல்லாம் அடைத்துக் கொண்டுவந்திருந்தார். "எங்க ஜமாத்துலயும் நாலு பேர் கூடாதுங்கறாங்க. அவங்க சொல்றதைச் சொல்லட்டும். தையக்காரரே, உங்க நாக்குதான் உங்களுக்குச் சத்துரு" என்றார். அப்பா கடைசிப் பிள்ளையின் சட்டைக் கையை மடித்து விட்டார்.

அத்தை வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் என் சிநேகிதி நின்றாள். நான் ரவிக்கைக் கையைத் தூக்கிக் காட்டினேன். அவள் வலிக்கிறதா என்று சாடையில் கேட்டாள். இல்லை என்று நான் தலையாட்டினேன். உள்ளேயிருந்து யாரோ அவளை இழுத்துக்கொண்டார்கள். சாயங்காலம் அவள் மணிக்கட்டில் மஞ்சள் காப்பு இருந்தது.

அப்புறம் எங்கள் கடைக்குத் துணி வரவில்லை. மெஷின் ஓடுகிற சத்தம் நின்றதும் வீடு என்னவோ போல் ஆகிவிட்டது. என் சிநேகிதியை என்னோடு பேச விடவில்லை. மெஷினுக்கு அடியில் தனியாக உட்கார்ந்து நானே இரண்டு வீடும் வரைந்தேன். கதவு வைத்தால் அழுகை வந்தது, வைக்காவிட்டாலும் வந்தது. தெருவில் நடந்தால் என் நிழல்கூடக் கொஞ்சம் தள்ளியே வருவதாக எனக்குத் தோன்றும்.

பங்குனி பிறந்த கொஞ்ச நாளில் அவர்கள் வாசலில் வேப்பிலை ஏறியது.

அன்றிலிருந்து ஸ்டோர் முழுக்கத் தாளிப்புச் சத்தம் நின்றது. அம்மை கண்ட வீட்டுக்குப் பக்கத்தில் கடுகு வெடிக்கக் கூடாது. அம்மாவும் தாளிக்கவில்லை. அப்பா வெறும் ரசத்தை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்தார். பலகையை அவரே கழற்றித் தண்ணீர் ஊற்றிக் கழுவிச் சுவரோரம் சாய்த்து வைத்தார். அம்மை குத்துகிறவரைத் தேடிப் போய்க் கேட்டுக்கொண்டு வந்தார். வந்தவர் அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "பெரியவளுக்கு இனிமே ஊசியால ஒண்ணும் ஆகாதாம். ஆனா கைக்குழந்தைக்கு இப்பவே குத்தினா தப்பிச்சுக்குமாம். நாள் தள்ளினா அதுவும் போச்சு."

அத்தை வீட்டு வாசலுக்கு அப்பா போனார். நானும் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு போனேன். படி ஏறவில்லை, வெளியிலேயே நின்றார். உள்ளே வாழை இலை மேல் என் சிநேகிதி படுத்திருந்தது இருட்டில் மங்கலாகத் தெரிந்தது. வேப்பிலையும் வேறு ஏதோ ஒரு வாசனையும் கலந்து வந்தது. கரகத்து மாமா பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். ராப்பகலாக அவர்தான் விசிறினார் என்று பின்னால் தெரிந்தது. அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தங்கச்சி, பாப்பாவுக்காவது ஊசி குத்தும்மா" என்றார் அப்பா. குரலே அவருடையதாக இல்லை.

அத்தை சுவரில் சாய்ந்து அவரையே பார்த்தாள். "நீங்க எழுதினீங்களே அண்ணே. எழுதின கையோட என் வீட்டுக்கு வந்துட்டாளே" என்றாள்.

அப்பாவுக்கு அதற்கு நூறு பதில் தெரியும். ஒன்றும் சொல்லவில்லை. கரகத்து மாமாதான் எழுந்து வெளியே வந்தார்.

"கைக்குழந்தைக்குக் காப்பு இல்லை. ஊசி குத்தலாம்னு நான் சொன்னா தெரு கேக்கும். ஆனா அம்மன் மனசு ஆறணும். நீங்க மஞ்சள் கட்டி, எங்களோட நடந்து வந்து, சன்னதியில நின்னு தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லணும்."

"ஊசி இன்னிக்கு. நடை நீங்க சொல்ற அன்னிக்கு" என்றார் அப்பா.

"வருவீங்கன்னு எப்படி நம்பறது? உங்களுக்குச் சத்தியம் பண்ணக்கூட ஒரு சாமி கிடையாதே."

"அதனாலதான் நம்பலாம். நான் சொன்னா அதுக்கு நான்தான் பொறுப்பு. வேற யார் மேலயும் போட முடியாது."

கரகத்து மாமா கையிலிருந்த வேப்பிலையைக் கீழே வைத்தார். பிறகு உள்ளே திரும்பி, "குழந்தையைக் கொண்டாம்மா" என்றார். மத்தியானம் பாப்பா வீரிட்டு அழுதது ஸ்டோர் முழுக்கக் கேட்டது. உள்ளேயிருந்து என் சிநேகிதி பலமில்லாத குரலில், "தம்பி ஏம்மா அழறான்?" என்று கேட்டாள். அவள் குரலை நான் கேட்டது அதுதான் கடைசி.

ஒரு விடிகாலை வாசலில் வேப்பிலை இல்லை. யாரோ கழற்றி எறிந்திருந்தார்கள். என்னிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. மூன்று விரல் மடிப்பு விட்டுத் தைத்த பாவாடை கடை அலமாரியில் அப்படியே இருந்தது. அத்தை அதை வாங்கிக்கொள்ள வரவேயில்லை. பாப்பாவுக்கு ஒரு கொப்புளம்கூட வரவில்லை.

அப்பா நடக்க வேண்டியதில்லை என்றுதான் அம்மா நினைத்தாள். பெண் போன துக்கத்தில் யார் வந்து கேட்கப் போகிறார்கள்? "சொல்லியாச்சு" என்றார் அப்பா. அம்மா அவருடைய வெள்ளை வேட்டியை மஞ்சள் தண்ணீரில் முக்கி எடுத்தாள். அவள் அழுதுகொண்டே பிழிந்தாள். அவளுடைய சாமிக்கு அவர் இறங்கி வருகிறார் என்று அவளுக்கு ஒரு துளி சந்தோஷமும் இல்லை. கை நகமெல்லாம் நாள்கணக்கில் மஞ்சளாக இருந்தது.

கூட்டம் புறப்பட்டது. கரகம் முன்னால், மேளம், குலவை. அப்பா கடைசியில். அவருக்கும் அவருக்கு முன்னால் போனவர்களுக்கும் நடுவில் ஒரு வண்டி போகிற இடைவெளி. யாரும் அதில் நடக்கவில்லை. நான் கூடவே ஓடினேன், கொள்ளிடப் பாலம் வரைக்கும். பாலத்து முனையில் கறுப்புச் சட்டைக்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். எங்கள் கடையில் உட்கார்ந்து டீ குடித்து, அப்பாவின் பேச்சுக்குக் கைதட்டியவர்கள். ஒருவர் சொன்னார், "நாலு வீட்டுத் துணிக்காக மானத்தை வித்துட்டியேப்பா." அப்பா நிற்கவில்லை. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் பாப்பாவுக்குக் குத்திய ஊசியைப் பேரம் என்று ஆக்கிவிடுவார்கள், அத்தையின் காதுக்குப் போகும். என்னைத் திரும்பிப் பார்த்து, "வீட்டுக்குப் போம்மா, கால் சுடும்" என்றார். வெறும் மணலாகக் கிடந்த ஆற்றுக்கு மேலே அந்த நீளப் பாலத்தில் அவர் தனியாக நடந்து சின்னதாகிப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோயிலுக்கு அவ்வளவு ஜனம் போகிறது, என் அப்பாவோடு ஒருவரும் போகவில்லை.

மறுநாள் கொப்புளித்த காலோடு வந்து உட்கார்ந்தார். நான் வெந்நீர் கொண்டுபோய் வைத்துவிட்டுக் கேட்டேன், "சாமி கும்பிட்டீங்களாப்பா?"

"கும்பிடறவங்களைப் பாத்தேன்" என்றார். "முகமெல்லாம் குழியா, கண்ணு போன பிள்ளைங்களை இடுப்புல வெச்சுக்கிட்டு, காப்பாத்தினதுக்கு நன்றி சொல்ல வரிசையில நிக்கறாங்க. யாரைத் திட்டறது சொல்லு. தப்புன்னு சொல்லச் சொன்னாங்க. அந்தப் பிள்ளைங்களைப் பாத்து, தப்புதான்னு சொன்னேன். அதை யாருக்குச் சொன்னேன்னு அவங்க கேக்கல."

அதற்குப் பிறகு அவர் எழுதவில்லை. பலகை தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாயிற்று. தெரு, அம்மன் நாஸ்திகனை அடக்கிவிட்டாள் என்றது. தோழர்கள் அவர் பெயரையே விட்டுவிட்டார்கள். மறுபடியும் துணி வந்தது, ஆனால் கொடுத்துவிட்டு உடனே போய்விடுவார்கள். அவரோடு வாயாட ஆளில்லை. வருஷம் திரும்புவதற்குள் ஊரின் மறுகோடியில் இருந்த எடமலைப்பட்டி புதூருக்குக் குடி போனோம். அங்கேயும் பாய் நூல் கொண்டுவந்தார். அப்பா கடைசி வரைக்கும் பாயிடம் மட்டும் சண்டை போட்டார். அப்பா இறந்தபோது, சடங்கு வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தபடியே அம்மா ஒன்றும் செய்யவிடவில்லை. தூக்க ஆள் போதவில்லை. பாயும் அவர் மகன்களும் தோள் கொடுத்தார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் உங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன்.

போன பங்குனியில் கொள்ளிடத்துப் பக்கம் போயிருந்தேன். பாலத்துக்கு இந்தப் பக்கம் மஞ்சள் கூட்டத்துக்காக ஒரு நீர்மோர்ப் பந்தல். மோர் ஊற்றிக்கொண்டிருந்தவர் நரைத்துப்போன ஆள், கழுத்தில் மாலை, நெற்றி நிறைய விபூதி. நான் யார் என்று சொன்னதும் சொம்பைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். அந்தப் பாப்பா.

"அக்கா! உங்கப்பா கதையை வருஷா வருஷம் இந்தப் பந்தல்ல சொல்லுவேங்க்கா. சாமி இல்லைன்னு எழுதினவரை ஆத்தா எப்படி மஞ்சள் கட்ட வெச்சு நடத்திக் கூட்டிட்டுப் போனான்னு. அந்த வருஷம் எங்க அக்காவை எடுத்துக்கிட்டா, என்னை விட்டுட்டுப் போனா." மோர் ஊற்ற வசதியாகச் சட்டைக் கையை மடித்து விட்டிருந்தார். தோளுக்குக் கீழே இருந்த வட்டத் தழும்பையே நான் பார்ப்பதைக் கண்டு அதைத் தடவிக்கொண்டார். "இதுவா? இதுதாங்க்கா ஆத்தா தொட்டுட்டுப் போன இடம். அம்மா சாகற வரைக்கும் தினமும் இதைத் தொட்டுக் கும்பிடும்."

எனக்கு ஆத்திரம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே வந்தது. அத்தைக்குத் தெரியாதா? அவள் மடியில் வைத்துத்தானே குத்தினார்கள்? வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மகனைக் காப்பாற்றியது ஊசி என்று அத்தை ஒப்புக்கொண்டால், அதே ஊசியை மகளுக்கு யார் மறுத்தது என்று அவளே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். எந்தத் தாயால் அதோடு உயிர் வாழ முடியும்? அவளுக்கு அம்மன் வேண்டியிருந்தது. அப்பாவுக்கு அது தெரிந்திருக்கிறது. அதனால்தான் இரண்டு பக்கத்து ஏச்சையும் வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டார். சாமிக்குப் பயந்து இல்லை.

வெயிலுக்கு நான் முந்தானையால் விசிறிக்கொண்டபோது ரவிக்கைக் கை மேலே ஏறியது, அவர் என் தழும்பைப் பார்த்துவிட்டார். முகமெல்லாம் மலர்ந்துபோயிற்று.

"அக்கா, உங்களுக்கும் இருக்கே! உங்களையும் ஆத்தா தொட்டிருக்கா!"

"இல்லை தம்பி," என்றேன். "என்னைத் தொட்டது எங்கப்பா."

அவருக்குப் புரியவில்லை. சிரித்துக்கொண்டே இன்னொரு டம்ளர் மோர் ஊற்றிக் கொடுத்தார்.